காது இருந்த இடம்

ஆய்வுக்கு வந்த அதிகாரி தேநீர்க் குவளையை உதட்டருகே கொண்டுபோன அதே நொடியில்தான் சார்ஜர் சார் அந்தப் பொத்தானை அழுத்தினார். கொஞ்சம் முன்னே பின்னே அழுத்தியிருந்தால் அந்த வெள்ளைச் சட்டையாவது தப்பித்திருக்கும்.

அவர் அழுத்த நினைத்தது சத்தத்தை நிறுத்துகிற பொத்தான். அதற்கு ஒட்டினாற்போலவே, சத்தத்தை முழுசாகத் திறந்துவிடுகிற பொத்தானையும் வைத்த மகராசன் யாரென்று தெரியவில்லை. ஆறாம் வகுப்பின் அத்தனை டேப்லெட்டுகளும் ஒரே பெண்ணின் குரலில், ஒன்றுக்கொன்று அரை மூச்சு முன்னும் பின்னுமாக, "முக்கோணத்தின் மூன்று கோணங்களையும்..." என்று அலறின. தகரக் கூரைமேல் இருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பிப் போயின. அதிகாரி துள்ளினார். அவரைவிட உயரமாகத் தேநீர் துள்ளியது. பிள்ளைகள் முதலில் பயந்தார்கள், பிறகு காதைப் பொத்திக்கொண்டார்கள், பிறகு அதிகாரியின் நெஞ்சில் பரவிய கறையைப் பார்த்துவிட்டு, சிரிப்பை மறைக்க டெஸ்க்கில் தலை கவிழ்த்துக்கொண்டார்கள்.

"பரவாயில்லையே, எல்லாம் நல்லா வேலை செய்யுது," என்றார் அதிகாரி, நெஞ்சில் ஒட்டிய சட்டையை இரண்டு விரலால் பிடித்து விலக்கியபடி. அவர் நல்ல மனிதர். தலைமையாசிரியை அந்த அளவுக்குப் போகவில்லை. அவர் சாரைப் பார்த்த பார்வைக்குப் பக்கத்தில் பால் வைத்திருந்தால் அது திரிந்திருக்கும்.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, சார் டேப்லெட் அறையில் தனியாக உட்கார்ந்து, தன் கையிலிருந்த தலைமை டேப்லெட்டின் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். கடைசியில் அகப்பட்டது. 'வாசித்துக்காட்டும் குரலை எல்லாக் கருவிகளிலிருந்தும் நீக்கவா?' என்று கேட்டது. ஆம் என்றார். 'நிச்சயமாகவா?' என்று மறுபடி கேட்டது. நிச்சயமாக என்றார். கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டபோதுகூட அவர் இவ்வளவு நிச்சயமாகப் பதில் சொன்னதில்லை.

அவர் உண்மையில் வரலாறு வாத்தியார். பள்ளிக்கு டேப்லெட் வந்த வருஷம், பொறுப்பை யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று ஆசிரியர் கூட்டத்தில் கேட்டபோது அத்தனை பேரும் மேசைக்கடியில் பேனாவைத் தேடினார்கள். இவருக்கு அப்போது பார்த்துக் கொட்டாவி வந்தது. வாய் திறந்தவர் இவர் ஒருவர்தான் என்பதால் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. அதிலிருந்து ஒரு கையில் பேரரசுகளும் இன்னொரு கையில் சார்ஜர் கம்பிகளுமாகத் திரிந்தார். இரண்டுமே சிக்கிக்கொண்டால் பிரிப்பது கஷ்டம் என்று வகுப்பில் ஒருமுறை சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. பெயரை மட்டும் வைத்துவிட்டார்கள்.

வேலை பிடித்துப்போனதுதான் ஆச்சரியம். தினமும் பள்ளி விட்டதும், இரும்பு அலமாரியின் தட்டுகளில் டேப்லெட்டுகளை வரிசையாகச் செருகுவதற்கு முன்னால், ஒவ்வொன்றையும் பழைய பனியன் துணியால் துடைப்பார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பகல் முழுக்கப் பட்ட விரல் தடங்கள் தெரியும். எந்தப் பிள்ளையின் டேப்லெட் எது என்று எண்ணைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். ஜாம் தடவிய ரொட்டி தின்றுவிட்டு வருகிறவன் நாலு மூலையிலும் பிசுபிசுப்பை வைத்துவிடுவான். விடை தெரியாவிட்டால் ஒருத்தி திரை முழுக்கக் கோலம் போடுவாள். ஒருவன் மூக்கால் அழுத்துவான். ஏன் என்று கேட்டால், "கை அழுக்கா இருக்கு சார்," என்பான். மூக்கு மட்டும் என்ன சுத்தம் என்று சார் கேட்டதில்லை.

அந்த ஆறாம் வகுப்பில்தான் அவருடைய மகளும் இருந்தாள். வீட்டில் எல்லோரும் மைனா என்று கூப்பிடுவார்கள். ஒருமுறை காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்வாள். வானொலி விளம்பரம், பக்கத்து வீட்டுச் சண்டை, அப்பாவின் பாடம், எதுவானாலும் ஏற்ற இறக்கத்தோடு வரும். டேப்லெட் வருவதற்கு முன்னால் படிப்பில் ஏதோ ஒரு மாதிரி இருந்தவள், வந்த பிறகு வகுப்பில் முதலாவதாக வந்தாள். தலைமை டேப்லெட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரிசைக் கட்டம் உண்டு. சரியான விடை பச்சை, தப்பு சிவப்பு, தொடாத கேள்வி சாம்பல். மைனாவின் வரிசை எப்போதும் பயிர் வைத்த வயல் மாதிரி இருக்கும். சாருக்கு அதைப் பார்த்தே பல நாள் சாப்பாடு செரித்தது. ஆசிரியர் அறையில், கடையில், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம், எங்கேயும் எப்படியாவது பேச்சைத் திருப்பிக் கொண்டுவந்து அதில் நிறுத்துவார்.

குரலை நீக்கிய அடுத்த வாரம் பருவத் தேர்வு. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. தகரக் கூரையில் விழுந்த மழைச் சத்தத்தில் எந்தக் குரல் இருந்தாலும் கேட்டிருக்காது என்று சார் தனக்குள் நியாயம் சொல்லிக்கொண்டார். வகுப்பின் பின்னால் நின்று தலைமை டேப்லெட்டில் கட்டங்கள் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற வரிசைகளில் பச்சையும் சிவப்பும் கலந்து வந்தன. மைனாவின் வரிசையில் முதலில் சிவப்பு. பிறகும் சிவப்பு. பிறகு சாம்பல், சாம்பல், சாம்பல்.

சார் முதலில் சந்தேகப்பட்டது டேப்லெட்டை. நடந்து போய், "இது சரியா தொடுதா?" என்று கேட்டார்.

"தொடுது சார்," என்றாள் மைனா. பள்ளிக்கூடத்தில் அவர் அப்பா இல்லை, சார்.

"தொட்டும் ஏன் போட மாட்டேங்கற?"

"போடறேன் சார்."

அவர் வேறு டேப்லெட் எடுத்து வந்து கொடுத்தார். அதிலும் சிவப்பு. இரண்டாவதாகச் சந்தேகப்பட்டது வைஃபையை. மூன்றாவது மழையை. நான்காவதாகத் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். உலகத்தில் சந்தேகப்பட எவ்வளவோ பொருள் இருக்கும்போது பெற்ற மகளைச் சந்தேகப்பட எந்த அப்பாவுக்குத்தான் தோன்றும்.

தேர்வு முடிந்ததும் வகுப்பு டீச்சரைத் தாழ்வாரத்தில் மடக்கினார். டீச்சர் குடையை விரிக்க முயன்றுகொண்டிருந்தார். குடை மறுத்தது.

"டீச்சர், எம் பொண்ணு இன்னைக்கு..."

"பார்த்தேன் சார்."

"உடம்பு சரியில்லையோ?"

"காலையில நல்லாத்தான் இருந்தா. இன்டர்வெல்ல மத்த பிள்ளைங்களுக்கு அதிகாரி குதிச்ச மாதிரி குதிச்சுக் காட்டிக்கிட்டிருந்தா." சொல்லிவிட்டு டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்ப என்ன காரணமா இருக்கும்?"

"நான் இந்த வருஷம்தானே சார் வந்தேன். எனக்கென்ன தெரியும். கையெழுத்து முத்து முத்தா இருக்கும், போர்டுல இருக்கிறதை அச்சு அசலா எழுதிடுவா." குடை திடீரென்று விரிந்து சாரின் மூக்கைத் தட்டியது. "ஐயோ சாரி சார். வீட்டுல கேட்டுப் பாருங்களேன்," என்று மழையில் இறங்கிவிட்டார்.

வகுப்பறையிலிருந்து ஒரு பையன் வெளியே வந்து, சார் கேட்கட்டும் என்றோ கேட்கக்கூடாது என்றோ தெரியாத ஒரு குரலில் இன்னொருவனிடம் சொன்னான்: "சார்ஜர் சார் பொண்ணுக்கே பாட்டரி போயிடுச்சுடா."

அன்று சாயங்காலம் வழக்கம்போலத் துடைக்க உட்கார்ந்தார். வெளியே மழை விட்டு ஓட்டையிலிருந்து சொட்டுகிற சத்தம். ஜாம்காரன் வந்தான். கோலக்காரி வந்தாள். மூக்கன் வந்தான். மைனாவின் டேப்லெட் கைக்கு வந்தது. வெளிச்சத்தில் சாய்த்தார்.

திரை கிட்டத்தட்ட சுத்தமாக இருந்தது. வலப்பக்க மேல்மூலையில் மட்டும் ஒரு தடம். ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே இடத்தில், எத்தனையோ தடவை அழுத்தி அழுத்திப் பட்ட ஒரே விரல்.

சார் டேப்லெட்டைத் திறந்தார். அந்த மூலையில் எதுவும் இல்லை. வெறும் வெள்ளை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. அங்கேதான் காது இருந்தது. ஒவ்வொரு கேள்வியின் மேலேயும் ஒரு சின்னக் காதுப் படம். அதைத் தொட்டால் அந்தப் பெண்குரல் கேள்வியை வாசிக்கும், விடைகளையும் வாசிக்கும். கீழே ஒரு ஒலிவாங்கிப் படம் உண்டு. அதைத் தொட்டுப் பேசினால் பேசியதை அதுவே எழுதிக்கொள்ளும். குரலோடு சேர்ந்து அதுவும் போயிருந்தது.

காது இல்லாத இடத்தை அவள் தேர்வு முழுக்கத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

சார் பனியன் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தடத்தைத் துடைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பழக்கம், அவ்வளவுதான், கேட்டே படித்துப் பழகிவிட்டாள் என்று ஒரு மனம் சொன்னது. அந்த மனத்தோடு அவருக்கு வெகுநாள் சிநேகம். அது சொல்வதைத்தான் அவர் வழக்கமாக நம்புவார்.

வீட்டுக்குப் போனபோது மைனா தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். "பரீட்சை எப்படி?" என்று கேட்டார்.

"கண்ணு வலிச்சுதுப்பா."

"எந்தக் கண்ணு?"

அவள் கொஞ்சம் யோசித்து, "ரெண்டும்," என்றாள்.

அவர் ஒரு பட்டாணியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். அவருடைய அறையில் மின்விசிறி சுற்றுவதைவிட அதிகமாக முனகிக்கொண்டிருந்தது.

"உக்காருங்க சார். உங்க பொண்ணுங்கறதால கூப்பிட்டுச் சொல்றேன். வேற பிள்ளைன்னா இந்நேரம் கீழ் வகுப்புல கொண்டுபோய் உட்கார வச்சிருப்பேன்."

"மேடம், அது டேப்லெட்ல ஏதோ..."

"ரெண்டு டேப்லெட்லயுமா?"

சார் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை தனியா உட்கார வச்சு மறுபடி ஒரு தடவை கொடுக்கச் சொல்றேன். அன்னைக்கும் இப்படின்னா அஞ்சாம் வகுப்புக்குத்தான். சின்னப் பிள்ளைங்களோட உக்காரட்டும், தப்பில்ல. என்ன சொல்றீங்க?"

"குரலை மட்டும் மறுபடி போட்டா..."

"எந்தக் குரல்?"

"படிச்சுக் காட்டுமே, அது."

"சார்." தலைமையாசிரியை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அந்த ஆளோட சட்டையை எங்க வீட்டுலதான் துவைச்சுக் கொடுத்தோம். மூணு தடவை ஊற வச்சும் கறை போகல. அந்தப் பொம்பளை இந்தக் காம்பவுண்டுக்குள்ள மறுபடி வாய் திறக்கக் கூடாது."

"சரி மேடம்."

"அப்புறம், இன்னொண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"இல்லையே மேடம்."

"வாத்தியார் வீட்டுப் பிள்ளையாச்சேன்னு கேட்டேன்," என்று அவர் தாள்களுக்குத் திரும்பிவிட்டார். கேட்டது ஊசிதான், ஆனால் சாருக்கு அது கடப்பாரையாக இறங்கியது.

மதிய இடைவேளையில் சார் பள்ளியைத் தாண்டி இரண்டு தெரு நடந்து பேக்கரிக்குப் போனார். அவர் மனைவி அங்கே மாவுப் பகுதியில் வேலை. முன்பக்கம் கண்ணாடிப் பெட்டியும் விளக்கும் வாசனையுமாக இருக்கும். பின்பக்கம் போனால் அனல். சுவர், கூரை, ஆட்களின் புருவம் எல்லாவற்றின்மேலும் மாவு. மனைவி முழங்கை வரை மாவில் இருந்தாள். பெரிய உருண்டையைப் பலகையில் அடித்து, மடித்து, அடித்து, மடித்து, கத்தியால் வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். தராசு பக்கத்திலேயே இருந்தது. அவள் அதைப் பார்ப்பதில்லை.

"என்னங்க, இந்த நேரத்துல? பசிக்குதா?"

"இல்ல. பேசணும்."

"பேசுங்க. கை நிக்காது, காது சும்மாதான் இருக்கு."

அந்தச் சொல்லைக் கேட்டு அவருக்குச் சுருக்கென்றது. "மைனா பரீட்சையில..."

"சொன்னா."

"என்ன சொன்னா?"

"சரியா எழுதலன்னு சொன்னா." மாவு பலகையில் தொப்பென்று விழுந்தது.

"ஏன்னு சொன்னாளா?"

மனைவி இரண்டு உருண்டை வெட்டினாள். பக்கத்தில் அடுப்புக்காரர் நீண்ட மரத் துடுப்பால் ரொட்டிகளை வெளியே இழுத்தார். சூடு முகத்தில் அறைந்தது. சார் ஒரு எட்டு பின்னால் போய், மாவு மூட்டையில் இடித்து, கால்சட்டையின் பின்பக்கத்தை வெள்ளையாக்கிக்கொண்டார்.

"ஏம்மா, உன்னைத்தான் கேக்கறேன். அவ டேப்லெட்ல அந்தக் காதை மட்டும்தான் தொட்டிருக்கா. இல்லாத காதை. அவளுக்கு..." அந்த வாக்கியத்தை முடிக்க அவரால் முடியவில்லை. "அவளுக்கு அந்தக் குரல் இல்லாம ஓடாதோ?"

"என்னைக் கேட்டா?"

"உன்னைக் கேக்காம வேற யாரைக் கேக்கறது? நீதானே அம்மா."

"நீங்கதானே வாத்தியார்."

அடுப்புக்காரர் சத்தமில்லாமல் துடுப்பை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். அவருக்குத் தாகம் இருந்த மாதிரி தெரியவில்லை.

மனைவி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்ககிட்ட நான் பேச்செடுக்கலன்னு சொல்லாதீங்க. போன வருஷம் ஒரு தடவை எடுத்தேன். கடைக்கு அனுப்பினா சீட்டு வேணாம்மா, வாயால சொல்லு, நான் ஞாபகம் வச்சுக்கறேங்கறான்னு சொன்னேன். என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

"என்ன சொன்னேன்?"

"'என்ன ஞாபக சக்தி பார்த்தியா எம் பொண்ணுக்கு'ன்னு சொன்னீங்க."

சார் தராசின் தட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இன்னொரு தடவை, பஸ் போர்டைப் பார்க்காம டிரைவர் முகத்தைப் பார்த்து ஏறுறாங்க இவன்னு சொன்னேன். நீங்க தரையில உக்காந்து கம்பிச் சிக்கை எடுத்துக்கிட்டிருந்தீங்க. 'உம்'னீங்க. நான் அந்த உம்மை வச்சுக்கிட்டு என்ன பண்றது, மாவுலயா பிசையறது?"

"அப்ப அழுத்திச் சொல்லியிருக்கலாமே. என் சட்டையைப் பிடிச்சுச் சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் வந்தேன். அன்னைக்குத்தான் அவளுக்கு முதல் மார்க்குன்னு வந்தீங்க. நின்ன இடத்துலயே நின்னுக்கிட்டு, அந்த டேப்லெட் துடைக்கிற துணியாலேயே கண்ணைத் துடைச்சீங்க. கண்ணெல்லாம் அழுக்கு. அந்த முகத்தைப் பார்த்துக்கிட்டு நான் எப்படிங்க சொல்றது?" அவள் மணிக்கட்டால் நெற்றியைத் துடைத்தாள். அங்கே ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. "அவளும் பார்த்தா அந்த முகத்தை. பார்த்துட்டுத்தான் எங்கிட்ட சத்தியம் வாங்கினா."

"என்ன சத்தியம்?"

"அதைச் சொன்னா அப்புறம் அது சத்தியமா?" அவள் அடுத்த உருண்டையை எடுத்தாள். "அவளையே கேளுங்க. சுத்திச் சுத்தி டீச்சர், மேடம், பேக்கரின்னு வர்றீங்களே, நடு வீட்டுல உக்காந்திருக்கா, அவகிட்ட நேரா ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டேன். கண்ணு வலின்னா."

"நீங்க கண்ணைப் பத்திக் கேட்டிருப்பீங்க."

சார் கிளம்பினார். முன்பக்கம் போனபோது கல்லாவில் இருந்தவர் அவர் கால்சட்டையைப் பார்த்து, "சார், நீங்களும் வேலைக்குச் சேர்ந்துட்டீங்களா?" என்றார். மற்ற நாளாக இருந்தால் சார் இதற்கு மூன்று பதில் வைத்திருப்பார்.

அவர் நேராக வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் போகும் பழக்கம் அவருக்கு இருந்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது. பள்ளி விட்டதும் மைனாவின் டேப்லெட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மனைவியின் தம்பி வைத்திருக்கிற செல்போன் ரிப்பேர் கடைக்குப் போனார். கடை என்பது இரண்டு கடைகளுக்கு நடுவில் மிச்சம் விழுந்த இடம். மச்சான் உள்ளே போனால் நாற்காலி வெளியே வரவேண்டும்.

"வாங்க மாமா. பின்னாடி என்ன, ஒரே வெள்ளை?"

"அதை விடு மச்சான். இதுல வாசிக்கிற குரல் இருந்தது. எடுத்துட்டாங்க. மறுபடி போட முடியுமா?"

"யார் எடுத்தாங்க?"

"யாரோ ஒரு புத்திசாலி."

மச்சான் டேப்லெட்டை வாங்கி, கம்பியை மாட்டி, கணினியில் எதையோ தட்டினான். "இது ஸ்கூல் பூட்டு போட்டதாச்சே. திறக்கிற பாஸ்வேர்டு உங்ககிட்டதானே இருக்கு?"

"இருக்கு."

"அப்ப நீங்களே போட்டிருக்கலாமே. தலைமை டேப்லெட்ல ஒரு தட்டு தட்டினா எல்லாத்துலயும் வந்துடுமே மாமா."

"எல்லாத்துலயும் வரக்கூடாது. இது ஒண்ணுல மட்டும் வரணும். வெளியில தெரியாம. சத்தம் வெளிய வராம, ஹெட்போன்ல மட்டும்."

மச்சான் திரும்பிப் பார்த்தான். அவன் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியால் ஒரு கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. "வெள்ளிக்கிழமைக்கா?"

"உனக்கு யார் சொன்னா?"

"அக்கா."

"அக்கா வேற என்ன சொன்னா?"

"அக்கா எங்க மாமா சொல்லுது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்." பூதக்கண்ணாடி மறுபடி டேப்லெட்டுக்குள் குனிந்துகொண்டது.

"மச்சான், நீ அவளோட அடிக்கடி இருக்கிறவன். ஒண்ணு சொல்லு. அவளுக்கு எழுத்தெல்லாம்..."

"மாமா, சர்வீஸ் பண்ணும்போது பேச்சுக் கொடுக்காதீங்க. ஒரு ஸ்க்ரூ விழுந்தா வாழ்க்கையே போச்சு."

அவன் எந்த ஸ்க்ரூவையும் கழற்றியிருக்கவில்லை. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் வலப்பக்க மூலையில் அந்தச் சின்னக் காது முளைத்தது. மச்சான் கம்பியைப் பிடுங்கி டேப்லெட்டைக் கொடுத்தான். கூடவே பழைய பெட்டியிலிருந்து ஒரு ஹெட்போனைத் தேடியெடுத்துக் கொடுத்தான். "பணமெல்லாம் வேணாம் மாமா," என்றான். சார் கொடுக்கவே முயலவில்லை என்பது அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. சார் பையை வயிற்றோடு அணைத்து, அதன்மேல் குனிந்து நடந்தார். குடை இருந்தது, பள்ளியில். பாதி வழியில் அவருக்குக் கொஞ்சம் உற்சாகம்கூட வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வரும். காது இருக்கும். வரிசை பச்சையாகும். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றுவார். அடுத்த விடுமுறையில் உட்கார்ந்து மெதுவாக எழுத்துகளைச் சரிபண்ணிக்கொள்ளலாம். விடுமுறைக்கு என்ன பஞ்சம். அந்தப் பழைய சிநேக மனம் வழி நெடுகப் பேசிக்கொண்டே கூட வந்தது. மழையில் அது மட்டும் நனையவில்லை.

வீட்டில் மைனா மட்டும் இருந்தாள். அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அம்மா பேக்கரியிலிருந்து கொண்டுவந்திருந்த உடைந்த ரொட்டித் துண்டுகளை அவள் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரியது கீழே, சின்னது மேலே.

"தலையைத் துடைங்கப்பா. சளி பிடிச்சா அம்மா என்னைத் திட்டும்."

"இங்க வா. ஒண்ணு காட்டறேன்."

அவர் டேப்லெட்டைத் திறந்து, ஹெட்போனை அவள் தலையில் மாட்டிவிட்டார். அவள் விரல் யோசிக்காமல் வலப்பக்க மூலைக்குப் போனது. தொட்டது. அவள் முகம் அசையாமல் நின்றது. ஊருக்குப் போன ஆள் திரும்பி வந்த மாதிரி அவள் கண்ணை மூடிக் கேட்டாள். மறுபடி தொட்டாள். மறுபடி. கேள்வி ஒன்றுதான். சாருக்கு எதுவும் கேட்கவில்லை. மகளின் உதடு மட்டும் சத்தமில்லாமல் கூடவே அசைவது தெரிந்தது.

"எத்தனை தடவை தொட்டாலும் கோவமே வராதுப்பா இந்த அக்காவுக்கு," என்றாள், ஹெட்போன் போட்டிருந்ததால் கொஞ்சம் சத்தமாக. "முதல் தடவை சொல்ற மாதிரியே சொல்லும்."

சார் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. வரலாற்றுப் பாடத்தை இரண்டாவது தடவை கேட்ட பிள்ளைகளிடம் தான் சொல்வது அவருக்கு ஞாபகம் வந்தது. முதல் தடவை சொன்னப்ப எங்க போயிருந்த?

"வெள்ளிக்கிழமை இது இருக்கும்," என்றார். "உனக்கு மட்டும். யாருக்கும் தெரியாது. நான் பார்த்துக்கறேன்."

மைனா ஹெட்போனைக் கழற்றினாள். அதன் கம்பியை விரலில் சுற்றினாள். அப்பாவைப் போலவே சிக்கில்லாமல், மெதுவாக. சுற்றி முடித்து டேப்லெட்டின்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து அவர் பக்கம் தள்ளினாள்.

"வேணாம்ப்பா."

"ஏன்? பிடிக்கலையா?"

"பிடிக்கும். அப்புறமா வேணும். வெள்ளிக்கிழமை வேணாம்."

"வெள்ளிக்கிழமைதாம்மா வேணும்! இல்லேன்னா உன்னை அஞ்சாம் வகுப்புக்கு அனுப்பிடுவாங்க. தெரியுமா உனக்கு?"

"தெரியும். டீச்சர் சொன்னாங்க."

"தெரிஞ்சுமா வேணாங்கற?"

"உம்."

அது அவருடைய 'உம்' தான். ஏற்ற இறக்கத்தோடு அப்படியே திரும்பி வந்திருந்தது.

உருளைக்கிழங்கு பொங்கி அடுப்பில் வழிந்தது. மைனா எழுந்து போய்த் தணலைக் குறைத்துவிட்டு வந்து, அதே இடத்தில் உட்கார்ந்து ரொட்டித் துண்டுகளைத் தொடர்ந்து அடுக்கினாள். சார் நாற்காலியில் இருந்தார். அவள் தரையில் இருந்தாள். அங்கிருந்து பார்த்தால் அவளுடைய உச்சி வகிடு மட்டும்தான் தெரிந்தது. அவர் எழுந்து, ஈரக் கால்சட்டையோடு தரையில் உட்கார்ந்தார். முட்டி சொடுக்கியது. மாவும் மழையும் சேர்ந்து பின்பக்கம் பசையாகியிருந்தது. அவர் அதைப் பற்றி ஒரு நகைச்சுவை சொல்லப் போனார். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள், சாப்பாடு வந்திருக்கும், தூக்கம் வந்திருக்கும், வெள்ளிக்கிழமையும் வந்திருக்கும்.

அவர் சொல்லவில்லை.

"மைனா."

"என்னப்பா?"

"உனக்குப் படிக்கத் தெரியுமாம்மா?"

அவள் கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்தாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் எதையோ தேடினாள். வெகு நேரம் தேடினாள். அவர் அதை மாற்றாமல் வைத்திருக்கப் படாதபாடு பட்டார்.

"தெரியாதுப்பா," என்றாள். "இது இருந்தா வெள்ளிக்கிழமை எல்லாம் பச்சையா வந்துடும். அப்புறம் நீங்க கேக்கவே மாட்டீங்க."